காற்று மாசு கருத்துக்கேட்பு: மனுவில் என்ன எழுதணும்?

மணலிவாசி: மாநகராட்சி கருத்து கேட்டால் "தூசி அதிகம்"னு எழுதிக் கொடுத்தால் போதுமா?

பழைய வண்ணை: போதாது. "குறித்துக்கொள்ளப்பட்டது"ன்னு முடிச்சிடுவாங்க. எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, எதிலிருந்து வருது, என்ன செய்யணும் எல்லாம் ஒரே பத்தியில் இருக்கட்டும். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி நிலைய அளவுகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் கிடைக்கும். 24 மணி நேரச் சராசரியை எடுத்து வரம்போடு ஒப்பிடுங்க: ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 (மிக நுண்ணிய துகள்) என்றால் 60 மைக்ரோகிராம், பிஎம் 10 (சற்றுப் பெரிய துகளும் சேர்த்து) என்றால் 100. போகி அன்றைய அளவைக் காட்டாதீங்க, அது ஊருக்கே தெரியும். சாதாரண வாரம்தான் எடுபடும்.

வேளச்சேரி குமார்: தூசி அளக்கும் மலிவு சென்சாரை நம்பி எழுதாதீங்க. ஈரப்பதம் ஏறினால் கூடுதலாகக் காட்டும். மார்கழிக் காலையில் சொல்லவே வேண்டாம்.

எண்ணூர் அலை: குப்பை எரிப்பு, சாலைத் தூசி மாநகராட்சிக்கு. ஆலைப் புகை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. கலந்து எழுதினால் ரெண்டு பேரும் கைகழுவுவாங்க. ஆலை விரிவாக்கம் பற்றிய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்னா 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் அவகாசம் தரணும். நேரில் போக முடியாதவங்க எழுதியும் அனுப்பலாம். நகலில் தேதியோட சீல் வாங்கிடுங்க.