வீட்டுக்குள் கொல்லிமலை: எலக்ட்ரானிக் சைக்கிள் டிரெய்னர் செய்த வடசென்னைக்காரர்கள் புனைபெயரில் எழுதிய அனுபவப் பகிர்வு

காயில், வியாசர்பாடி

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே வேகமும் நிதானமும் மாறி மாறி வரும் இன்டர்வெல் பயிற்சி செய்ய முடியாது. மேம்பாலங்களை விட்டால் நம் பக்கத்தில் ஏற்றம் என்று எதுவும் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் காலைப் பழக்க வேண்டுமென்றால் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்து, பின்சக்கரத்துக்கு எதிர்விசை கொடுத்து, ஏற்ற இறக்கத்தைத் தானாக மாற்றும் டிரெய்னர் வீட்டிலேயே வேண்டும். சொந்தமாகச் செய்ய இறங்குகிறவர்கள் எல்லாரும் "எத்தனை வாட் தாங்கும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். எந்த வேகத்தில் எவ்வளவு விசை என்பதுதான் முதல் கேள்வி.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு டயரில் சுமார் 16 நியூட்டன் எதிர்விசை போதும், ஏறத்தாழ 137 வாட். 5 சதவீத ஏற்றத்தில் 12 கிலோமீட்டர் வேகம் என்றால் 44 நியூட்டன், 148 வாட். வாட் கிட்டத்தட்ட அதே அளவு, விசை மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல். 10 சதவீதத்தில் 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விசை 80 நியூட்டனைத் தாண்டும். மெதுவாகச் சுற்றும்போது பலமாகப் பிடிக்கத் தெரியாத பிரேக்கை வைத்து மலை ஏற முடியாது. பெரும்பாலான சொந்தத் தயாரிப்புகள் அடிவாங்குவது இந்த இடத்தில்தான்.

ஹப், கொடுங்கையூர்

அண்ணா சொன்ன கணக்கு ஹப் மோட்டாருக்கும் அப்படியே பொருந்தும். பழைய எலக்ட்ரிக் வண்டியின் ஹப் மோட்டாரைப் பின்சக்கரமாக்கி, ஆறு டயோடு போட்டு, கரன்ட்டை ரெசிஸ்டரில் எரித்துவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். கியர் உள்ள ஹப்பாக இருந்தால் அதற்குள் ஒருவழி கிளட்ச் இருக்கும். சக்கரம் சுற்றும், மோட்டார் அசையாது, ஒரு வோல்ட்டும் வராது. டைரக்ட் டிரைவ் ஹப்தான் வேண்டும்.

அதிலும் சிக்கல் உண்டு. 48 வோல்ட்டில் 500 ஆர்.பி.எம். ஓடும் மோட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் 95 ஆர்.பி.எம்.தான் சுற்றும், வெளியே வருவது 9 வோல்ட். அதில் 1.4 வோல்ட்டை டயோடுகளே தின்னும். 148 வாட் இழுக்க 16 ஆம்பியர் ஓட வேண்டும், வைண்டிங்கையும் சேர்த்து மொத்தத் தடை அரை ஓமுக்குச் சற்றுக் குறைவு. அதே மோட்டார் 30 கிலோமீட்டர் வேகத்தில் 23 வோல்ட் தரும், அப்போது தேவை சுமார் மூன்றரை ஓம். இந்த அகலத்தை ஒரே ரெசிஸ்டரை பி.டபிள்யூ.எம்.மில் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து) வெட்டிச் சமாளித்தால், ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் 40 ஆம்பியருக்கு மேல் பாயும். கெப்பாசிட்டர் சூடாகி உப்பும். மூன்று ரெசிஸ்டரைத் தனித்தனி மாஸ்ஃபெட்டில் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) போட்டு, தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது.

மாஸ்ஃபெட் தேர்விலும் கவனம் வேண்டும். லோடு கழன்று வேகம் ஏறினால் வோல்ட்டேஜ் எகிறும். 55 வோல்ட் தாங்கும் ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் அங்கே பிழைக்காது, 100 வோல்ட் தாங்கும் ஐ.ஆர்.எஃப்.540 போடுங்கள். இரண்டுமே கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலில் 3.3 வோல்ட் கொடுத்தால் முழுதாகத் திறக்காது, பாதி திறந்தபடி வெந்து போகும். எல்லாவற்றையும் இயக்கும் இ.எஸ்.பி.32 கன்ட்ரோலர் சிப்புக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவில் கேட் டிரைவர் ஐ.சி. கட்டாயம்.

காயில், வியாசர்பாடி

தம்பி சொன்னதால்தான் நான் ரோலர் பக்கம், அதாவது டயரை ஒட்டிச் சுழலும் உருளையின் பக்கம், நிற்கிறேன். டயர் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோலரைச் சுற்றினால் 12 கிலோமீட்டர் வேகத்திலேயே ரோலர் 2,100 ஆர்.பி.எம். தொடும், 30-ல் 5,300. மலை ஏற்றத்துக்கான 44 நியூட்டன் ரோலர் அச்சில் வெறும் 0.67 நியூட்டன் மீட்டர். இவ்வளவு சிறிய டார்க்கை (திருப்பு விசை) எடி கரன்ட் பிரேக் எளிதாகத் தரும். சுற்றும் உலோகத் தட்டைக் காயிலின் காந்தப்புலம் தொடாமலே பிடிப்பதுதான் அது. தேய்மானமும் இல்லை.

அளவுகள்: 20 சென்டிமீட்டர் அலுமினியம் டிஸ்க், 4 மில்லிமீட்டர் கனம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளை அடுக்கி, வாய் திறந்த சதுரமாக ஒரு கோர், அதன் முனை 3 × 3 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியில் 600 சுற்று. சுற்றுக்கு 12 சென்டிமீட்டர் என்றால் கம்பி 72 மீட்டர், தடை 6.4 ஓம், 12 வோல்ட்டில் 1.9 ஆம்பியர். பலரும் கோட்டை விடுவது கேப், அதாவது கோரின் வாய் இடைவெளிக் கணக்கில். அலுமினியத்தைக் காந்தம் காற்றாகவே பார்க்கிறது. டிஸ்க் 4, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர், ஆக கேப் 6. அதில் கிடைப்பது சுமார் 0.24 டெஸ்லா. 5 சதவீத ஏற்றத்துக்கு இது ஒட்டி ஒட்டிப் போதும். 10 சதவீதம் வேண்டுமென்றால் கோரின் மறுகையில் இன்னொரு 600 சுற்றுக் காயில். புலம் இரட்டித்தால் பிடி நான்கு மடங்காகும்.

டிஸ்க்கைக் கனமாக்கினால் பிடி கூடும் என்று நம்ப வேண்டாம். எடி கரன்ட் பிடிக்கு ஓர் உச்ச வேகம் உண்டு, அதைத் தாண்டினால் வேகம் ஏற ஏற விசை குறையும். 4 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு, காந்தத்தின் அடியில் ஓடும் பகுதி வினாடிக்கு 10 மீட்டரை எட்டும் முன்பே அந்த உச்சம் வந்துவிடக்கூடும். நம் ரோலர் ஏற்றத்திலேயே அதைக் கடந்துதான் சுற்றுகிறது. டிஸ்க் மெலிந்தால் கேப் குறையும், உச்ச வேகமும் மேலே போகும், ஆனால் சீக்கிரம் சூடாகும். 4 மில்லிமீட்டர் டிஸ்க் எடை 340 கிராம். காற்றே படாமல் 200 வாட் இறங்கினால் நிமிடத்துக்கு 39 டிகிரி ஏறும். சுற்றும்போது தானே காற்றை இழுப்பதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் மெதுவான ஏற்றத்தில், மே மாதத்து அறையில், ஒரு 12 வோல்ட் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வைத்தே ஆக வேண்டும்.

லேத், தண்டையார்பேட்டை

எலக்ட்ரானிக்ஸ்காரங்க சொல்லாம விடுறத நான் சொல்றேன். ரோட்டுல 30-ல போற 80 கிலோவோட அந்த வீச்சு டிரெய்னர்ல வரணும்னா ஃப்ளைவீல், அதாவது வேகத்தப் பிடிச்சு வெக்கிற கனமான சக்கரம் வேணும். 30 மில்லிமீட்டர் ரோலருக்கு, 20 சென்டிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் கனத்துல எம்.எஸ். (சாதா எஃகு) பிளேட் போட்டா 3.7 கிலோ வரும், கணக்கு கரெக்டா உக்காரும். பாதி எடையே பெடலுக்குப் போதுமான வழவழப்பு குடுக்கும், வீட்டுக்கு அதுதான் நல்லது. 5,300 ஆர்.பி.எம்.ல அதோட விளிம்பு வினாடிக்கு 55 மீட்டர் ஓடும். வார்ப்பிரும்பு போடாதீங்க, உடைஞ்சா சிதறும்.

பிளேட்டத் தனியா கடைஞ்சு அப்புறமா அச்சுல ஏத்தாதீங்க. அச்சுல இறுக்கி, ரெண்டு சென்டருக்கு நடுவுல வெச்சு கடைசி கட் குடுங்க. அப்புறம் ரெண்டு கத்தி முனை மேல உருட்டிப் பாத்து, கீழ வந்து நிக்கிற பக்கம் துளை போட்டு எடையக் குறைங்க. பேலன்ஸ் இல்லன்னா வினாடிக்கு 88 தடவை தரை அதிரும், கீழ் வீட்டுக்காரங்க அன்னைக்கே கதவத் தட்டுவாங்க. அச்சு 15 மில்லிமீட்டர், பேரிங் 6202, ரப்பர் சீல் வெச்சது. ரோலர்ல நர்லிங் (சொரசொரப்பு வெட்டு) போடாதீங்க, டயரத் துருவித் தள்ளிடும். மேல 3 மில்லிமீட்டர் ஷீட்ல மூடி கட்டாயம். வீட்ல குழந்தைங்க விரல நீட்டும்.

நிரல், பெரம்பூர்

காயில் அண்ணா சூடு பற்றிச் சொன்னதிலிருந்து தொடர்கிறேன். என் கருத்தில் மொத்த வடிவமைப்பும் இதில்தான் நிற்கிறது. அலுமினியம் ஒரு டிகிரி சூடானால் அதன் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். உச்ச வேகத்துக்குக் கீழே சுற்றினால் அதனால் பிடி குறையும், மேலே சுற்றினால் பிடி கூடும். காயிலும் சூடாகி கரன்ட்டைக் குறைக்கும். "பி.டபிள்யூ.எம். 60 சதவீதம், வேகம் 25, ஆகவே 180 வாட்" என்று அட்டவணை போட்டு வைத்தால் முதல் பத்து நிமிடம்கூட அது உண்மையாக இருக்காது. வாட்டை ஊகிக்காமல் அளக்க வேண்டும்.

வழி எளிது. காயில் கோரை ஃப்ரேமில் இறுக்காமல், ரோலர் அச்சின் மேலேயே இன்னொரு பேரிங்கில் தொங்க விடுங்கள். டிஸ்க் இழுக்கும்போது கோரும் கூடவே திரும்பப் பார்க்கும். அதை 10 சென்டிமீட்டர் கை ஒன்று லோட் செல்லில் (எடையை அளக்கும் சென்சார்) முட்டி நிறுத்தும். 0.67 நியூட்டன் மீட்டர் அங்கே சுமார் 680 கிராமாகத் தெரியும், ஸ்பிரின்ட்டிலும் ஒன்றரை கிலோவுக்குள்தான். 5 கிலோ லோட் செல் போதும். 1 கிலோ செல் ஸ்பிரின்ட்டில் தன் வரம்பைத் தாண்டிவிடும். அளவு சரிபார்க்க மளிகைக் கடையின் முத்திரையிட்ட 1 கிலோ எடைக்கல்லைக் கையின் நுனியில் தொங்கவிடுங்கள், 0.98 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். லோட் செல்லைப் படிக்கும் எச்.எக்ஸ்.711 போர்டு பெரும்பாலும் வினாடிக்கு 10 அளவீடாகவே வரும். ரேட் பின்னைத் தரையிலிருந்து விடுவித்து உயர்நிலைக்குக் கட்டினால் 80 கிடைக்கும்.

வேகத்தை அளக்க, காந்தத்தை உணரும் ஹால் சென்சாரைச் சக்கரத்தில் வைத்தால் 30 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு நான்கு துடிப்புதான். ரோலரில் வைத்தால் 88. ஆனால் காயில் பக்கத்தில் ஹால் வைக்காதீர்கள், காயிலின் புலமே அதைத் தூண்டி இல்லாத வேகத்தைக் காட்டும். பிளவு உள்ள ஆப்டிகல் சென்சார் நிம்மதி. பி.டபிள்யூ.எம். 20 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் ரீங்காரம் காதில் விழாது. காயிலுக்குக் குறுக்கே 1என்5822 ஷாட்கி டயோடு போடுங்கள், 1என்4007 அந்த வேகத்துக்கு மந்தம்.

பாதையின் ஏற்ற இறக்கத்தை அனுப்பும் பயிற்சிச் செயலிகளோடு பேச, புளூடூத்தில் உடற்பயிற்சிக் கருவிகளுக்கான எஃப்.டி.எம்.எஸ். சர்வீஸ், எண் 0×1826 (பதினாறடிமானத்தில்). கன்ட்ரோல் பாயின்ட் 0×2ஏடி9. செயலி முதலில் 0×00 அனுப்பிக் கட்டுப்பாடு கேட்கும், அதற்கு 0×80 என்று தொடங்கும் பதில் போகாவிட்டால் மேலே எதுவும் நடக்காது. "இணைந்தது, ஆனால் ஏற்றம் மாறவில்லை" என்று வருகிற புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 0×11-ல் வரும் சரிவு 0.01 சதவீத அலகில், குறியுள்ள 16 பிட், சிறிய பைட் முதலில். குறியை விட்டுவிட்டால் லேசான இறக்கம் சுமார் 650 சதவீத ஏற்றமாகிக் கால் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, எர்க் மோடு, அதாவது வாட்டை மாறாமல் வைக்கும் முறை. 200 வாட்டைப் பிடித்து நிறுத்து என்றால், 90 கேடன்ஸில் (நிமிடத்துக்கு 90 பெடல் சுற்று) கிராங்கில் 21 நியூட்டன் மீட்டர். களைத்து 45-க்கு இறங்கினால் 42. இன்னும் களைப்பு, இன்னும் பாரம், கடைசியில் பெடல் நின்றே விடும். 60-க்குக் கீழே டார்க்கை மேலே ஏற விடாமல் நிரலில் வரம்பு போடுங்கள். இலக்கு மாறும்போது ஒன்றிரண்டு வினாடியில் படிப்படியாக ஏற்றுங்கள்.

கடற்காற்று, காசிமேடு

கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஜம்பர் வயர் இணைப்பை நம்ப வேண்டாம். முனை பச்சை பிடித்தால் லோட் செல் அளவு தானாக நகரும், நிரலில் குற்றம் தேடி நேரம் போகும். நேராகச் சால்டர் செய்து, போர்டுக்கு வார்னிஷ் அடியுங்கள். லோட் செல்லின் கேஜ் மேல் உள்ள வெள்ளைப் பூச்சு விரிசல் விட்டிருந்தால் அந்தச் செல்லை வாங்காதீர்கள். வியர்வையும் உப்புதான், கன்ட்ரோல் பெட்டியை ஹேண்டிலுக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. கரன்ட் போனால் காயில் பிரேக் அந்த நொடியே விட்டுவிடும், நின்று மிதிக்கிறவர் முன்னால் சாய்வார். 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி யு.பி.எஸ். பேட்டரி ஒன்று கூடவே இருக்கட்டும்.

புதியவர், கொருக்குப்பேட்டை

என்னுடையது நட்டு போட்ட சாதாரண சைக்கிள். குவிக் ரிலீஸ் இல்லை. ஸ்டாண்டில் நிற்குமா அண்ணா?

லேத், தண்டையார்பேட்டை

நிக்கும் தம்பி. பின் அச்சோட ரெண்டு பக்கமும் நட்டுக்கு மேல அதே மரைக்குத் தொப்பி நட்டு ஏத்துங்க, ஸ்டாண்டோட கிண்ணம் அத கவ்விக்கும். நம்ம ஊர் அச்சுல மரை ஒண்ணுக்கொண்ணு மாறும், பழைய நட்டக் கையில எடுத்துட்டுப் போய் வாங்குங்க. பட்டன் டயர் வேணாம், வழுவழு டயர். ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரே காத்தழுத்தம், ரோலர் டயரத் தொட்டதுல இருந்து ஸ்குரூ ஒரே அளவு சுத்து. டயர்ல போற நஷ்டத்த லோட் செல் பாக்காது. அது தெரியணும்னா காயில ஆஃப் பண்ணி, 36 கிலோமீட்டர் வேகத்துல இருந்து மிதிக்காம விட்டு, நிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துக் குறிச்சு வெச்சு, நிரல் தம்பிகிட்ட குடுங்க.