ஃபிரான்ஸ் கிளைனின் ‘சீஃப்’: அரூப ஓவியத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி:
அமெரிக்க அரூப ஓவியர் ஃபிரான்ஸ் கிளைன் தீட்டிய, அச்சில் மட்டுமே நான் அறிந்திருந்த ‘சீஃப்’ ஓவியத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தேன். 1950-இல் தீட்டப்பட்ட அது ஏறத்தாழ 148 செ.மீ. உயரமும் 187 செ.மீ. அகலமும் உடையது. கறுப்பும் வெள்ளையும் அன்றி அதில் வேறொன்றும் எனக்குப் புலப்படவில்லை. கிளைன் சிறுவயதில் கண்ட ஒரு ரயில் எஞ்சினின் பெயரே ‘சீஃப்’ என்று பின்னர் படித்தது முதல், கறுப்புக் கோடுகளின் வளையங்களெல்லாம் சக்கரங்களாகத் தோன்றுகின்றன. தலைப்பு சொல்லித் தந்த பிறகே கண்ணில் படும் ஒன்றை ஓவியத்தின் பொருளாகக் கொள்ளலாமா? கூடாது என்றால், இது நல்ல ஓவியம் என்பதை எப்படி நிறுவுவது?

முதல் பதில்:
சக்கரத்தைச் சற்று மறந்துவிட்டு வெள்ளையைப் பாருங்கள். கிளைனின் ஓவியங்களை ஜப்பானியத் தூரிகை எழுத்துக் கலையோடு ஒப்பிடும் வழக்கம் அன்றே இருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. வெள்ளைக் கித்தானில் கறுப்புக் குறி இடுவதாகத் தம்மைக் கருத வேண்டாம், கறுப்பைப் போலவே வெள்ளையையும் தாம் தீட்டுவதாக அவர் விளக்கியிருக்கிறார். நேரில் அருகே நின்றால், வெள்ளை வண்ணம் கறுப்பின் விளிம்பை எங்கே அரித்து உள்ளே வருகிறது, எங்கே அதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது என்பது தெரியும். அச்சுப்படத்தில் இரண்டும் ஒரே தளமாகத் தட்டையாகிவிடுகின்றன. வளையங்களுக்குள் அடைபட்ட வெள்ளை, வெறும் மிச்சமாகத் தெரிகிறதா, கறுப்புக்கு ஈடுகொடுக்கும் வடிவமாக நிற்கிறதா என்று கேளுங்கள். என் கண்ணுக்கு அது ஈடுகொடுக்கிறது. இந்த ஓவியத்தை உயர்ந்தது என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் அதுவே.

இரண்டாம் பதில்:
வெள்ளையைப் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தலைப்பை ஒதுக்கச் சொல்வதை ஏற்க இயலவில்லை. கிளைன் பிறந்து வளர்ந்தது பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதி. தாம் காண்பதை அல்ல, காண்பது தமக்குள் எழுப்பும் உணர்வையே தீட்டுவதாகவும் அவர் சொன்னதுண்டு. ஆகவே ‘எஞ்சின் எங்கே?’ என்று தேடுவது வீண். ஆனால் கித்தானின் ஓரத்தை மீறிப் பாயும் அந்தக் கோடுகளில் ஓர் எஞ்சினின் எடையும் விரைவும் இருக்கின்றனவா என்று கேட்பது நியாயமான கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1952-இல் அமெரிக்கக் கலை விமர்சகர் ஹெரால்டு ரோசன்பெர்க் கித்தானை ஓவியர் செயல்படும் களமாக வருணித்ததிலிருந்து, இவ்வகை ஓவியங்களை ஆவேசத்தின் அளவைக் கொண்டே மதிப்பிடும் பழக்கம் பரவியது. கிளைனோ தொலைபேசி விவரப் புத்தகத்தின் தாள்களில் சிறு வரைவுகள் போட்டுப் பார்த்து, அவற்றில் சிலவற்றைப் பெரிய கித்தானுக்குக் கொண்டுசென்றவர். ஒரே மூச்சில் வீசியதாகத் தோன்றும் தீற்றலுக்குப் பின்னால் திட்டம் இருந்திருக்கலாம் என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. எனினும், ‘தன்னிச்சையானது, ஆகவே சிறந்தது’ என்ற வாதத்தை இவருடைய ஓவியங்களுக்குப் பொருத்த முடியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அச்சுப்படத்தின் வலது ஓரத்தைத் தாளால் மறைத்துப் பார்த்தேன். கோடுகள் வெளியேற இடமின்றி ஓவியம் முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. தாளை எடுத்ததும் மீண்டும் ஓடத் தொடங்கியது. அப்போது சக்கரங்கள் நினைவுக்கு வரவில்லை.