பிளாஸ்மாவில் எலெக்ட்ரான் அடர்த்திக்கு இரண்டு விடை வருது, எதை எழுதுறது?

நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவன். 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவில் ஆர்கான் வாயுவைப் பிளாஸ்மா (எலெக்ட்ரான்கள் பிரிஞ்சு நிக்கிற வாயு) ஆக்குறேன், சாதாரண வளிமண்டல அழுத்தம். மேலூர்ப் பக்கத்து போர்வெல் தண்ணியை நெபுலைசர் (தண்ணியைப் பனித்துளியா ஆக்குற கருவி) வழியா அதுக்குள்ள விட்டு கால்சியம் பார்க்கிறேன். வர்ற ஒளியில் ஹைட்ரஜன் பீட்டா நிறமாலைக் கோட்டோட (486.13 நானோமீட்டர்) பாதி உயர அகலம் 0.16 நானோமீட்டர். அகலத்திலிருந்து அடர்த்தி தர்ற சூத்திரத்தில் நேரா போட்டா ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.8×10¹⁴. கருவி அகலத்தை (நிறமாலைமானி தானே சேர்க்கிற அகலம்) வர்க்கம் எடுத்துக் கழிச்சா 4.7×10¹⁴. வெப்பநிலையும் அப்படித்தான்: 308 நானோமீட்டர் ஓஹெச் (தண்ணி உடைஞ்சு வர்ற துணுக்கு) பட்டையில் 2400 கெல்வின், இரும்புக் கோடுகளில் 5300. கைடு "எதுப்பா சரி?"ங்கிறார். முழிக்கிறேன்.

பதில்: கருவி அகலம் எவ்வளவு தம்பி? எதை வெச்சு எடுத்தீங்க?

கேட்டவர்: 0.10 அண்ணே. பாதரச விளக்கு, 435.8 கோடு.

பதில்: ரெண்டு அடர்த்தியுமே தப்பு. வர்க்கக் கழிப்பு, காஸியனிலிருந்து (மணி வடிவ வளைவு) காஸியனைக் கழிக்கத்தான். கருவியும் டாப்ளரும் (அணுக்கள் ஓடுறதால வர்ற அகலம்) காஸியன். 2400 கெல்வினில் டாப்ளர் 0.017 நானோமீட்டர்தான், அதை விடுங்க. ஆனா எலெக்ட்ரான்கள் உண்டாக்குற ஸ்டார்க் அகலம் லாரன்ஷியன் மாதிரி, ரெண்டு பக்கமும் வால் நீளும். ரெண்டும் கலந்தா வோய்ட் வளைவு. உங்க எண்களைப் போட்டுப் பார்த்தேன்: லாரன்ஷியன் பங்கு சுமார் 0.095 வருது. 10¹⁷ அடர்த்திக்கு 4.8 நானோமீட்டர், அடுக்கு 0.68 என்ற கணக்கில் அது சுமார் 3×10¹⁴. நடு ஆர்கான் அணுக்கள் தர்ற வாண்டர்வால்ஸ் அகலமும் லாரன்ஷியன்தான், அதை நேராக் கழிக்கணும். ஆக 3×10¹⁴க்குக் கீழே. அகலத்தை ஸ்கேல் வெச்சு அளக்காம முழு வளைவையும் பொருத்துங்க.

வெப்பநிலையில் சண்டையே இல்லை. ஓஹெச் சுழற்சி வெப்பநிலை, மோதல் அதிகமா இருக்கிறதால வாயுவோட சூட்டுக்குக் கிட்ட வரும். இரும்பு சொல்றது அணுவோட கிளர்வு வெப்பநிலை. ரெண்டும் எலெக்ட்ரான் வெப்பநிலை இல்லை. உங்க பிளாஸ்மா சமநிலையில் இல்லாததால மூணும் மூணு எண். எதையும் சும்மா 'வெப்பநிலை'ன்னு எழுதாதீங்க, எதிலிருந்து எடுத்ததுன்னு கூடவே போடுங்க. அப்புறம், ஓஹெச் போல்ட்ஸ்மான் படத்தில் (வெப்பநிலை எடுக்கப் போடுற நேர்கோட்டுப் படம்) உயர் சுழற்சி நிலைகள் நேர்கோட்டை விட்டு விலகுதான்னு பாருங்க. கிளர்ந்த நிலையிலேயே பிறந்த ஓஹெச் இருந்தா அப்படி ஆகும். கீழ் நிலைகளை மட்டும் எடுங்க.

இன்னொருத்தர்: ஸ்லிட் (ஒளி உள்ளே நுழையுற பிளவு) ரெண்டு தடவையும் ஒண்ணா? எனக்கு ஒரு மாசம் வீணாப் போனது அதில்தான்.

கேட்டவர்: ஐயோ. பாதரசத்துக்கு 50 மைக்ரான், பிளாஸ்மாவுக்கு வெளிச்சம் பத்தலைன்னு 70. நோட்டைப் பார்த்ததும் தலையில கையை வெச்சுட்டேன்.

பதில்: அப்போ கருவி அகலம் 0.10ஐ விட அதிகம், அடர்த்தி இன்னும் இறங்கும். நான் சொன்ன 3×10¹⁴ஐயும் அடிச்சுடுங்க. அதே 70இல் பாதரசத்தைத் திரும்ப எடுங்க. காட்மியம் விளக்கு கிடைச்சா 480 கோடு இன்னும் பக்கம்.

கேட்டவர்: சரிண்ணே. காலையில முதல் வேலை அதுதான், கரண்ட் இருந்தா.