கால்மோடுலினில் கால்சியம் சேர்த்தாலும் மாற்றம் தெரியவில்லை, உதவி தேவை

முதுகலை_மாணவி:
வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்காகக் கால்மோடுலின் (செல்லுக்குள் கால்சியத்தை உணரும் புரதம்) என்பதை ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, பீனைல் செஃபரோஸ் (நீர்வெறுப்புப் பரப்புள்ள புரதங்கள் ஒட்டும் ரெசின்) மூலம் பிரித்தெடுத்திருக்கிறேன். கால்சியம் ஒட்டியதும் இந்தப் புரதத்தின் வடிவம் மாறுவதைக் காட்டுவதுதான் வேலை. ஆனால் எந்தச் சோதனையிலும் மாற்றம் பிடிபடவில்லை.

புரதங்களை அளவுப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒரு லேனில் கால்சியம் சேர்த்த புரதம், பக்கத்து லேனில் ஈஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்து அகற்றும் வேதிப்பொருள்) சேர்த்தது. இரண்டு பட்டையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. நீர்வெறுப்புப் பரப்பில் ஒட்டினால் ஒளிரும் ஏஎன்எஸ் சாயம் போட்டால் கால்சியம் ஊற்றும் முன்பே நன்றாக ஒளிர்கிறது, ஊற்றியபின் அப்படியேதான் இருக்கிறது. சிடி (புரதத்தில் ஹெலிக்ஸ் எனும் சுருள் பகுதிகளின் அளவைக் காட்டும் ஒளி அளவீடு) எடுத்தபோது 222 நானோமீட்டரில் வித்தியாசம் ரொம்பக் குறைவு, போதாததற்குக் குவெட் கலங்கிப்போனது. பாஸ்பேட் பஃபர்தான் பயன்படுத்தினேன்.

புரதம் கெட்டுவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்கிறார் வழிகாட்டி. அப்படித்தானா? வேறு எதையாவது முதலில் பார்க்கலாமா?

பழைய_ஆய்வகம்:
தொடங்க வேண்டாம்மா, பொறு. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லு. ஜெல்லில் இரண்டு பட்டையும் மேலே நிற்கின்றனவா, கீழே நிற்கின்றனவா? ஈஜிடிஏ ஸ்டாக்கை எப்படிக் கரைத்தாய்? பீனைல் செஃபரோஸிலிருந்து புரதத்தை எதை வைத்து இறக்கினாய்?

முதுகலை_மாணவி:
நன்றி சார். இரண்டும் கீழேதான், 15 கிலோடால்டன் குறியை ஒட்டி. இறக்கியது சீனியர் அக்கா முன்பு தயாரித்து வைத்திருந்த ஈஜிடிஏ பஃபரில். அப்புறம் 2 லிட்டர் டிரிஸ் பஃபரில் டயாலிசிஸ் செய்து (புரதத்தைச் சவ்வுப் பையில் வைத்து ஊறவிட்டு) ஈஜிடிஏவை நீக்கினேன். ஜெல்லுக்குப் பயன்படுத்திய ஸ்டாக் புதிது, பொடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கியது. கொஞ்சம் பால்போல இருந்தது. இப்போது பார்த்தால் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

பழைய_ஆய்வகம்:
கிடைத்துவிட்டது. முதலில் நல்ல சேதி: உன் புரதம் நன்றாக இருக்கிறது. கால்சியம் இருக்கும்போது அது பீனைல் செஃபரோஸில் ஒட்டியது, ஈஜிடிஏ வந்ததும் விட்டது. வடிவம் மாறாமல் இது நடக்காது. நீ தேடும் மாற்றத்தைப் பிரித்தெடுக்கும்போதே ஒருமுறை பார்த்துவிட்டாய்.

கால்மோடுலினின் உண்மையான எடை சுமார் 16.7 கிலோடால்டன். கால்சியம் பிடித்த வடிவம் எஸ்டிஎஸ்ஸிலும் இறுக்கமாக நிற்பதால் ஜெல்லில் வேகமாக ஓடிக் கீழே வரும். கால்சியம் இல்லாதது 20 பக்கம் மேலே தங்கும். உனக்கு இரண்டும் கீழே என்றால் இரண்டு லேனிலும் கால்சியம் இருக்கிறது. (இரண்டும் மேலே நின்றிருந்தால், சாம்பிள் பஃபரில் யாரோ ஈடிடிஏ (ஈஜிடிஏ போலவே கால்சியத்தைப் பிடிப்பது) போட்டிருக்கிறார்களா என்று கேட்டிருப்பேன்.)

ஈஜிடிஏ அமிலப் பொடி வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 8 பக்கம் கொண்டுவந்தால் கரைசல் தெளிந்துவிடும். அடியில் வெள்ளை இருக்கும்வரை உன் ஸ்டாக்கின் செறிவு லேபிளில் எழுதியது இல்லை. இன்னொன்று, பிஎச் 7 பக்கம் ஒரு அலகு இறங்கினால் கால்சியத்தின் மேல் ஈஜிடிஏவுக்கு இருக்கும் பிடி ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். கால்சியத்தைப் பிடிக்கும்போது அது புரோட்டானை வேறு விடும். அதனால் ஈஜிடிஏவைச் சேர்த்தபிறகு மாதிரியின் பிஎச்சைப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது டயாலிசிஸ். கணக்குப் போட்டுப் பார். 20 மைக்ரோமோலாரில் 5 மில்லி புரதம் என்று வைத்துக்கொள். மூலக்கூறுக்கு நான்கு கால்சியம், ஆக நிரம்ப 0.4 மைக்ரோமோல் போதும். கண்ணாடிப் பாத்திரமும் தண்ணீரும் சேர்ந்து பஃபரில் 5 மைக்ரோமோலார் கால்சியம் கசியவிட்டால், 2 லிட்டரில் 10 மைக்ரோமோல். வேண்டியதைப் போல 25 மடங்கு! ஈஜிடிஏ வெளியே போகப் போக, புரதம் பஃபரிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொண்டிருக்கும். ஏஎன்எஸ் முன்பே ஒளிர்ந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உயர்தூய நீர், பிளாஸ்டிக் பாட்டில், பஃபரை, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செலக்ஸ் ரெசினில் ஒருமுறை ஓட்டுவது: இந்த மூன்றையும் செய். பாஸ்பேட்டை விட்டுவிடு. கால்சியம் பாஸ்பேட் வீழ்படிந்துதான் உன் குவெட் கலங்கியது.

அமினோ_20:
சார் சொன்னது எல்லாம் சரி. சிடி பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் அதில் எதிர்பார்ப்பே வேறு மாதிரி இருக்க வேண்டும்.

கால்சியம் வந்தபின்தான் ஹெலிக்ஸ்கள் உருவாகின்றன என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கால்மோடுலினில் அவை ஏற்கெனவே பெரும்பாலும் இருக்கின்றன. மாறுவது அவற்றுக்கு இடையிலான கோணம். சிடி ஹெலிக்ஸின் அளவைத்தான் அளக்கும், கோணத்தை நேரடியாகக் காட்டாது. அதனால் நீங்கள் பஃபரை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் 222இல் மிதமான கூடுதல்தான் கிடைக்கும். அது தோல்வி இல்லை, கவலைப்படாதீர்கள்.

கால்சியம் உட்காரும் இடத்துக்கு ஈஎஃப் கை என்று பெயர். 1973இல் கெண்டை மீனின் தசையில் உள்ள பார்வால்புமினில் க்ரெட்ஸிங்கரும் நோக்கோல்ட்ஸும் விவரித்தது. ஹெலிக்ஸ், 12 அமினோ அமிலம் கொண்ட லூப், மறுபடி ஹெலிக்ஸ் என்பது அமைப்பு. லூப்பில் 1, 3, 5, 7, 9, 12 ஆகிய இடங்கள் சேர்ந்து கால்சியத்தைச் சுற்றி ஏழு ஆக்சிஜனை வைக்கின்றன. 9இல் வழக்கமாக ஒரு தண்ணீர் மூலக்கூறு இடையில் நிற்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 12ஆம் இடம். அங்கே உள்ள குளூட்டமேட் மட்டும் இரண்டு ஆக்சிஜன் தருகிறது. அது இரண்டாவது ஹெலிக்ஸின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கால்சியத்தைப் பிடிக்க அது நகர வேண்டும், நகரும்போது ஹெலிக்ஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஏறக்குறைய எதிரிணையாக நெருங்கிக் கிடந்த இரண்டு ஹெலிக்ஸ்களும், கும்பிட்ட கை விரிவதுபோல விரிந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன. உள்ளே மறைந்திருந்த மெத்தியோனின்கள் நிறைந்த நீர்வெறுப்புப் பரப்பு வெளியே வருகிறது. பீனைல் செஃபரோஸும் ஏஎன்எஸ்ஸும் ஒட்டுவது அந்தப் பரப்பில்தான். செல்லுக்குள் மயோசின் லைட் செயின் கைனேஸ் போன்ற நொதிகளைக் கால்மோடுலின் பற்றுவதும் அதே பரப்பால்தான்.

கோணம் மாறியதைக் காட்ட ஜெல்லும் ஏஎன்எஸ்ஸும் போதும். இன்னொரு எளிய வழி டைரோசின் ஒளிர்வு. முதுகெலும்பிகளின் கால்மோடுலினில் டிரிப்டோஃபேன் கிடையாது, அதனால் 295இல் தூண்டிப் பயனில்லை. 277இல் தூண்டி 305 பக்கம் பாருங்கள். டைரோசின் இரண்டும் (99, 138) சி முனைப் பாதியில் இருப்பதால் அந்தப் பாதியில் கால்சியம் ஏறுவது தனியாகத் தெரியும். கால்சியத்தை இறுக்கமாகப் பிடிப்பதும் அந்தப் பாதிதான்.

முதுகலை_மாணவி:
அக்கா, புத்தகப் படத்தில் டம்பெல் மாதிரி நடுவில் ஒரு நீள ஹெலிக்ஸ் இருக்கிறதே. அது கால்சியம் வந்ததும் உருவாவது இல்லையா?

அமினோ_20:
1985இல் வெளிவந்த படிக அமைப்பில் அப்படி நேராக நிற்கிறது. கரைசலில் என்எம்ஆர் எடுத்துப் பார்த்தபோது 78 முதல் 81 வரையுள்ள பகுதி தளர்ந்து வளைகிறது. வளைவதால்தான் இரண்டு பாதியும் திரும்பிவந்து, இலக்குப் பெப்டைடை இரண்டு பக்கமும் கவ்வ முடிகிறது. 1992இல் வந்த கூட்டமைப்புகளில் அதைப் பார்க்கலாம். உங்கள் அறிக்கையில் டம்பெல் படம் மட்டும் போடாதீர்கள், பக்கத்தில் பெப்டைடைக் கவ்விய படத்தையும் போடுங்கள்.

முதுகலை_மாணவி:
சார், அக்கா, ஜெல் வந்துவிட்டது! ஈஜிடிஏவைப் பிஎச் 8இல் கண்ணாடிபோலக் கரைத்து ஓட்டினேன். ஒரு பட்டை மேலே, ஒரு பட்டை கீழே, நடுவில் தெளிவான இடைவெளி. புதிய பஃபரில் ஏஎன்எஸ் முதலில் மங்கலாக இருந்து, கால்சியம் ஊற்றியதும் நீலப் பக்கம் நகர்ந்து கூடியது. வழிகாட்டியும் பார்த்துவிட்டார். இப்போது அவர் கேட்பது: எந்த இரட்டை மின்னூட்ட அயனி வந்தாலும் இது நடக்காதா, மெக்னீசியம் போட்டாலும் விரியாதா?

பழைய_ஆய்வகம்:
நல்ல கேள்வி, அவசியம் ஒரு லேன் போடு. மெக்னீசியமும் அந்த லூப்பில் உட்காரும். ஆனால் அது சிறிய அயனி, ஆறு ஆக்சிஜன்தான் கேட்கும். 12ஆம் இடத்துக் குளூட்டமேட்டின் இரண்டு ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடிக்காது, அதனால் ஹெலிக்ஸ் இழுபடாது. செல்லுக்குள் மெக்னீசியம் எப்போதும் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. கால்சியமோ ஓய்வில் 100 நானோமோலார் பக்கம், தூண்டினால் மைக்ரோமோலார் அளவுக்கு ஏறும். அந்தச் சின்ன ஏற்றத்தைக் கால்மோடுலின் தனியாக அறிவது இப்படித்தான்.

லேனில் 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடுடன் ஈஜிடிஏவையும் சேர்த்தே போடு. ஈஜிடிஏ மெக்னீசியத்தை மிகத் தளர்வாகவே பிடிக்கும், ஒட்டிவந்த கால்சியத்தை மட்டும் அகற்றிவிடும். ஈடிடிஏ போட்டால் இரண்டையும் பிடித்துக்கொள்ளும், சோதனை வீண். பட்டை எங்கே நின்றது என்று இங்கேயே எழுது.