பில் போடும் இடத்தில் கேட்கப்படும் கைபேசி எண்: உங்கள் அனுபவம் என்ன?

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

சென்ற ஆவணியில் தங்கையின் வளைகாப்புக்குப் புடவை எடுக்க எங்கள் ஊரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். பில் போடும் பெண், புடவையைக் கையில் வாங்கும் முன்பே "நம்பர் சொல்லுங்க மேடம்" என்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை என்பதால் இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன். அவரும் ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, என் பெயரையும் கேட்டுத் தட்டச்சு செய்தார்.

அன்றிரவு பத்தரை மணிக்கு அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது: "பச்சைப் புடவை உங்களுக்கு எடுப்பாக இருக்கும்." நான் எடுத்திருந்தது பச்சைப் பட்டுதான். அந்த எண்ணை உடனே தடை செய்துவிட்டேன் என்றாலும், வரிசையில் நின்றவர்களின் முகங்களை நினைவுக்குக் கொண்டுவர முயன்றபடி வெகுநேரம் விழித்திருந்தேன். "எண்ணை ஏன் கொடுத்தாய்?" என்று கணவர் கேட்டார். கேட்டார்கள், கொடுத்தேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

பிறகுதான் விசாரித்தேன். வாடிக்கையாளர் கைபேசி எண்ணைத் தந்தால்தான் பில் போடுவோம் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்தில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இப்போதெல்லாம் "எண் வேண்டாம், பில் மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் பொருள் தர மறுத்ததில்லை. ஒரு மளிகைக் கடையில் மட்டும் பில் போடும் தம்பி, எண் இல்லாமல் சிஸ்டம் நகராது என்று கூறிவிட்டுத் தம் எண்ணையே அடித்து, எனக்கு வர வேண்டிய புள்ளிகளைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டார்! உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

சேலத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, உங்களிடமிருந்து போனது எண் மட்டும். என்னிடமிருந்து போனது ஆதார் நகல். உறவினர் வீட்டு முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, தஞ்சாவூரில் ஒரு விடுதியில் அறை கேட்டேன். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதார் நகலை, அந்த அட்டையை வழங்கும் ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே தரவிறக்கி வைத்திருந்தேன். அதை நீட்டினால், வரவேற்பில் இருந்தவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, முழு எண் தெரிய வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். மணி பதினொன்று, மனைவிக்குக் கால் வீங்கியிருந்தது. விவாதிக்கத் தெம்பில்லாமல் முழு நகலைக் கொடுத்தேன்.

காலையில் அறையைக் காலி செய்யும்போது, டீ வாங்கி வந்த பையன் மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்து அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டான். அத்தாளின் மறுபக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் படமும், ஆதார் எண்ணும், வீட்டு முகவரியும் இருந்தன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்; அவ்வழக்கைத் தொடுத்த புட்டசாமியும் ஓய்வுபெற்ற நீதிபதிதான். வகுப்பில் இதை மாணவர்களுக்கு விளக்கியவன் நான். இரவு பதினொரு மணிக்கு அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்க வேண்டாம் என்று 2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்ததும், இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டதும் தனிக்கதை. இப்போது நான் ஓட்டுநர் உரிமத்தின் நகலைத்தான் தருகிறேன். அதிலும் 'தங்கும் அறைக்காக மட்டும்' என்று தேதியுடன் குறுக்கே எழுதி, படத்தின் மேல் மை படும்படி கையெழுத்திடுகிறேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து, ஜெராக்ஸ் கடைக்காரர்:

நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் ஆதார் கோப்பை என் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட்டு, "எடுத்துக் கொடுங்க தம்பி" என்பார்கள். அக்கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். கடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அதையும் சொல்லிவிடுவார்கள். ஓடிபி வந்த கைபேசியை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கப் போனவர்களும் உண்டு. தேர்வு விண்ணப்பக் காலம் முடிந்து ஒருநாள் கணினியின் பதிவிறக்கப் பகுதியைத் திறந்தபோது, ஊரில் பாதிப்பேர் அதற்குள் இருந்தார்கள். அன்று முதல் கடை சாத்தும் முன் கணினியிலும் கைபேசியிலும் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.

மை மங்கிப்போன நகல்களும் கோணலாக விழுந்தவையும் ஓர் அட்டைப்பெட்டியில் சேரும். பக்கத்தில் வறுகடலை விற்கும் பாட்டி, பொட்டலம் மடிக்க அவற்றைத்தான் எடுத்துச் செல்வார். ஒரு மாலை அவரிடம் கடலை வாங்கியபோது, காலையில் என்னிடம் நகல் எடுத்த ஒருவரின் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் என் கைக்கே திரும்பி வந்தது. இப்போது அந்தத் தாள்களைக் கிழித்து எரித்துவிட்டு, அவருக்குப் பழைய செய்தித்தாள் கட்டு வாங்கித் தருகிறேன். பாட்டிக்கு என் மேல் கோபம்தான். செய்தித்தாள் தொய்ந்து போகிறதாம். பொட்டலம் விறைப்பாக நிற்க ஜெராக்ஸ் தாளுக்கு ஈடில்லை என்கிறார்.