டெல்லிக் குளிரில் நூலகம், மியூசியம் போனவங்க சொல்லுங்க: யாரைச் சந்திச்சீங்க?

மயூர் விஹார்வாசி

டிசம்பர் பொறந்தா நம்ம ஆளுங்க போற இடம் ரெண்டுதான். காலையில மார்கழி பூஜைக்குக் கோயில், சாயங்காலம் ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கம். தப்பில்லை. ஆனா இந்த ஊர்ல வெட்டவெளியில நிம்மதியா உக்கார முடியறது வருஷத்துல இந்தக் கொஞ்ச மாசம்தான். அதனால குளிர்ல நூலகம், மியூசியம்னு சுத்தினப்போ எதிர்பாராம யாரைப் பார்த்தீங்கன்னு எழுதுங்க. நானே ஆரம்பிக்கறேன்.

பிரகதி மைதானத்தை ஒட்டி, பைரோன் மார்க்ல இருக்கற தேசிய கைவினை மியூசியம். மெட்ரோன்னா சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷன். சார்லஸ் கொரியா வடிவமைச்ச கட்டடம். முற்றம் முற்றமா வெயில் காஞ்சுக்கிட்டே நடக்கலாம். நம்ம ஊர் ஐயனார் கோயில் சுடுமண் குதிரைங்க அங்க நிக்குது. ஒரு ஸ்கூல் பையன் அது முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு இருந்தான். "ராத்திரி ஊரைச் சுத்திக் காவல் காக்கற சாமியோட குதிரைடா"ன்னு இந்தியில சொன்னேன். "அப்போ போலீஸ் பிசிஆர் வேனா ஆன்ட்டி?"ன்னான். அதுக்கு மேல நான் என்ன விளக்கறது!

அங்க கைவினைஞர்கள் குழு குழுவா வந்து தங்கி, கண் முன்னாடியே செஞ்சு காட்டி விப்பாங்க. அன்னிக்கு வரிசையில ஒரு அம்மா, ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டு அதுக்கு மேல முக்காடு. தறியில கோரைப் பாய். "பத்தமடையா?"ன்னு கேட்டதும் நிமிந்து பார்த்தாங்க. "ஆமாம்மா, நீங்க எந்தூரு?" தென்காசின்னு சொன்னேன். "அப்ப நம்ம பக்கந்தான, உக்காருங்க"ன்னு பக்கத்துல இருந்த பையை நகத்தி இடம் போட்டாங்க.

தாமிரபரணிக் கரையில அறுத்த கோரையை இழை இழையாக் கீறி, தண்ணியில ஊறப்போட்டுத்தான் நெய்யறது. டெல்லிக் காத்து அவங்களுக்குப் பெரிய தொந்தரவு. "இங்க காத்து வறண்டு கெடக்கும்மா. ஈரத்துணி தொடாம நெய்ஞ்சா கோரை ஒடிஞ்சிரும்"னு சொல்லிக்கிட்டே விரலால ஒத்தி ஒத்தி நெய்ஞ்சாங்க. அந்த நேரம் ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்து, ஒரு பாய்க்கு இவ்வளவு விலையான்னு ஆரம்பிச்சாங்க. நான் மொழிபெயர்ப்பாளர் ஆயிட்டேன். அந்தம்மா பேரம் எதுவும் பேசலை. பட்டுப் பாயை எடுத்து, புடவையை மடிக்கிற மாதிரி மடிச்சு, வாங்க வந்தவங்களோட கைப்பைக்குள்ளயே வெச்சுக் காட்டினாங்க. வியாபாரம் முடிஞ்சுது. எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு (1953) பத்தமடைப் பாய் போன கதையை நான் சேத்துச் சொல்லலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க பணம் எண்ணிட்டாங்க.

கிளம்பறப்போ அவங்களுக்கு என்கிட்ட ஒரே கேள்விதான்: "இங்க நல்ல இட்லி அரிசி எங்கம்மா கிடைக்கும்?" ஐஎன்ஏ மார்க்கெட்டுக்கு வழி எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.

ஜனக்புரி ஓய்வூதியர்

எனக்கு மியூசியத்தில் நிற்கக் கால் ஒத்துழைக்காது. நான் நூலகக் கட்சி. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தில்லி பொது நூலகத்துக்குக் குளிர்காலம் முழுக்கப் போவேன். யுனெஸ்கோ துணையோடு தொடங்கி 1951இல் நேரு திறந்துவைத்த நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் முதலிலேயே வந்து மேசைகளைப் பிடித்துவிடுவார்கள். என் வயதுக்காரர்கள் செய்தித்தாளோடு ஜன்னல் வெயிலைத் தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருப்போம்.

ஜனவரியில் ஒரு நாள் அங்கே சிறிய புத்தகக் காட்சி வைத்திருந்தார்கள். மேசையில் இருந்த பெண் நூலகர் ஹரியானாவின் ரோத்தக்கைச் சேர்ந்தவர். எந்த ஊர் என்று கேட்டார். தில்லியில் இந்தக் கேள்விக்கு "மதராஸ்" என்று சொல்லித் தப்பிப்பதுதான் வழக்கம். அன்றைக்கு என்னவோ "சீர்காழி" என்று வந்துவிட்டது. அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டார். "ஷியாலியா? எஸ்.ஆர். ரங்கநாதனின் எஸ்ஸா?"

ஷியாலி என்பது சீர்காழியின் பழைய ஆங்கிலப் பெயர்; ரங்கநாதனின் முதலெழுத்து அதுதான். 1892இல் எங்கள் ஊரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டியெழுப்பி, 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகவியல் கற்பித்தவர். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்புமுறையை உருவாக்கியவர். இந்தப் பெண் அவருடைய நூலகவியல் விதிகள் ஐந்தையும் மனப்பாடமாக ஒப்பித்தார். 1931இல் எழுதியவை, இன்றும் பாடத்தில் உள்ளவை. சீர்காழியில் எனக்கு யாரும் சொல்லித்தராததை ஒரு ஹரியானாக்காரர் சொல்கிறார்.

பதிலுக்கு என்னிடம் ஒரே ஒரு சரக்கு இருந்தது. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம். அது அவர் அறியாதது. அவரே சில காலம் இந்த நூலகத்தின் நடமாடும் வேனில் வேலை பார்த்தவராம். பனிமூட்டக் காலையில் பிள்ளைகள் புத்தகம் எடுக்கும் முன் வேனின் பானெட்டைச் சுற்றி நின்று கை காய்ச்சிக்கொள்வார்கள், பிறகுதான் வரிசை என்றார்.

இன்னொன்று. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, தமிழ்ப் பதிப்பகம் வெளியிடும் நூலும் கொல்கத்தா, மும்பை நூலகங்கள், சென்னை கன்னிமாரா நூலகம் ஆகியவற்றோடு இந்த நூலகத்துக்கும் ஒரு படி வந்தாக வேண்டும். எல்லாப் பதிப்பகமும் அனுப்புகிறதா என்பது வேறு விஷயம். தில்லியில் தமிழ்ப் புத்தகமே இல்லை என்று புலம்புகிறவர்கள் அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

துவாரகா அப்பா

எல்லாம் சரி. குழந்தைகளைக் கூட்டிட்டு நவம்பர், டிசம்பர்ல அலையச் சொல்லாதீங்க. காத்துத் தரம் மோசமாகி ஸ்கூலையே ஆன்லைனுக்கு மாத்தற ஊர் இது. என் பையனுக்கு வீசிங் உண்டு. நாங்க காத்தடிச்சு வானம் தெளியற பிப்ரவரிக்குக் காத்திருப்போம்.

போறதும் ஒரே இடம்தான், சாணக்யபுரி ரயில் மியூசியம். அங்க பாட்டியாலா மோனோரயில் இருக்கு, 1907 வாக்குல போட்ட பாதையில ஓடினது. ஒத்தைத் தண்டவாளத்துல சின்னச் சக்கரம், பக்கத்துல ரோட்டு மேல ஒரு பெரிய சக்கரம். கவிழாம எப்படிப் போகுதுன்னு பையன் கேட்டான், நான் முழிச்சேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "பாரம் பூரா தண்டவாளத்து மேல தம்பி. ரோட்டுச் சக்கரம் சும்மா சாஞ்சுக்கத்தான்." திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவராம். ஊட்டி ரயிலுக்குப் புதுசா நீராவி எஞ்சின் கட்டின ஒர்க்‌ஷாப். மகன் வீட்டுக்கு வந்த இடத்துல குல்லாவும் மஃப்ளருமா தனியா எஞ்சின் பாக்க வந்திருக்கார். அப்புறம் மதியம் வரைக்கும் பையன் அவரை விடலை. நான் பெஞ்சுல வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கரோல் பாக் டான்ஸ் அம்மா

பொண்ணு பரதநாட்டியம் கத்துக்கறா. அவ டீச்சர் சொல்லி ஜன்பத் நேஷனல் மியூசியத்துக்குப் போனோம். முதல்ல மொகஞ்சதாரோ நடனப் பெண். புத்தகத்துல பாத்துட்டு ஆளுயரத்துக்கு எதிர்பார்த்தா, 10.5 செ.மீ.தான். "என் பென்சில் பாக்ஸ்ல போட்டுடலாம்மா"ன்னா.

வெண்கலக் கூடத்துல திருவரங்குளம் நடராஜர் இருக்கார். நாம கும்பிட்டுப் பழகின, கால் தூக்கின ஆனந்த தாண்டவம் இல்லை. ரெண்டு முழங்காலும் மடங்கின சதுர தாண்டவம். பொண்ணு அப்படியே நின்னு, அரைமண்டியில உக்காந்து, கையை வெச்சுப் பாத்தா. காவலர் வேகமா வந்தார், திட்டப் போறார்னு நெனச்சேன். "கண்ணாடியைத் தொடாம ஆடட்டும்"னு சொல்லிட்டு, பின்னால வந்த கூட்டத்தை ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் திருப்பி விட்டார். பீகார்க்காரர். தென்னாட்டுக்காரங்க இந்தக் கூடத்துல நுழைஞ்சதும் செருப்பைக் கழட்ட இடம் தேடுவாங்க, அதைவெச்சே அடையாளம் தெரிஞ்சிடும்னார். குனிஞ்சு பாத்தா, என் மாமியார் ஏற்கெனவே வெறுங்காலோட, அந்தக் குளிர்ல, கிரானைட் தரையில.

நடராஜரைப் பத்திப் பெரிய புத்தகமே எழுதின சி. சிவராமமூர்த்தி இந்த மியூசியத்துக்கு இயக்குநரா இருந்தவர்னு டீச்சர் அப்புறம் சொன்னாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போயிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். மியூசியத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக்குக்கு மாத்தற திட்டம் இருக்கறதால, இந்தக் கட்டடத்துல பாக்க நெனக்கறவங்க தள்ளிப்போட வேண்டாம். ஜனவரி மூணாவது வாரத்துக்கு மேல குடியரசு தின ஒத்திகையால அந்தப் பக்கம் ரோடு அடிக்கடி அடைச்சுடுவாங்க. திங்கக்கிழமை லீவு.

முனிர்கா பிஜி ரூம்

நான் ஸ்டூடன்ட், என் கதை சின்னது. உலகப் புத்தகக் கண்காட்சி. 1972ல ஆரம்பிச்சு ரொம்ப நாள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தது, 2013லேருந்து வருஷா வருஷம். நேஷனல் புக் டிரஸ்ட் ஸ்டால்ல தமிழ்க் குழந்தைப் புத்தக அலமாரி முன்னாடி ஒரு சர்தார்ஜி தாத்தா, ஒவ்வொண்ணா எடுத்துத் தலைகீழா வெச்சுப் பாத்துட்டு இருந்தார். மருமகள் மதுரையாம். பேத்திக்கு ரெண்டு மொழியும் வரணும்னு அவருக்கு ஆசை. நல்லதா எடுத்துக் கொடுன்னார். படம் பெருசா, எழுத்து கம்மியா இருக்கறதா நாலு புத்தகம் எடுத்தேன்.

"இப்ப இதைப் படி"ன்னு ஃபோனை நீட்டி ரெக்கார்டிங்கை அமுக்கிட்டார். பேத்தி பக்கத்தைத் திருப்பத் திருப்ப அவர் அதை ஓடவிடுவாராம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல நான் யானை, குருவி, முயல்னு குரல் மாத்தி மாத்திப் படிச்சேன். நடுவுல நிறுத்தி "மெதுவா, பக்கம் திருப்ப டைம் கொடு"ன்னு டைரக்‌ஷன் வேற. பக்கத்து ஸ்டால் பையன் ரெண்டு பேர் வந்து நின்னு கேட்டாங்க. நாலு புத்தகமும் முடிச்சப்புறம்தான் விட்டார், வெளிய கூட்டிட்டுப் போய் கஜக் மிட்டாயும் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

போறவங்க வார நாள்ல காலையிலேயே போயிடுங்க. ஞாயித்துக்கிழமை மதியம் அந்த அலமாரி பக்கம் நிக்கவே இடம் கிடைக்காது.