வளைவுல பெட்ரோல் எட்டாம திக்குற கார்: நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

காட்பாடி_டர்போ:
டிஎன்-23 ஹேட்ச்பேக், 150 குதிரைத்திறனுக்கு ட்யூன் பண்ணது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல நீண்ட வலது வளைவு முடியுற இடத்துல மட்டும் ஒரு நொடி இன்ஜின் செத்துடும், நேருக்கு வந்ததும் சரியாயிடும். டேங்க்ல கால்வாசிக்குக் கொஞ்சம் மேல இருந்தது. பிளக், காயில் எல்லாம் மாத்தியும் பிரயோஜனம் இல்லை. கடைசியா இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிச்சுத் தர்ற ஃப்யூயல் ரெயில்ல பிரஷர் சென்சார் வச்சு லாக் (ஓடும்போதே பதிவு) எடுத்தாங்க. வளைவு நடுவுல கோடு 4 பார்ல இருந்து சரசரன்னு 1.5க்கு இறங்குது, அதுக்கு அப்புறம்தான் லாம்டா (காத்து-பெட்ரோல் விகிதம், 1க்கு மேல போனா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம்) 1.2க்கு ஏறுது. ஆக்சிலரேட்டர் முழுசா மிதிபட்டிருக்கு, பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) இருக்கு, பெட்ரோல் மட்டும் இல்லை. பிஸ்டன் உருக அந்த ஒரு நொடி போதும். அந்தக் கோடு இன்னும் கண்ணுல நிக்குது.

வாலாஜா_ரெவ்:
இதுக்கு உடனே சர்ஜ் டேங்க்னு (மெயின் டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல எப்பவும் நிறைஞ்சே இருக்கிற சின்ன டேங்க்) கிளம்பாதீங்க. கணக்கு போடுங்க. 1 ஜி வளைவுல, அதாவது பக்கவாட்டு விசை எடைக்குச் சமமா இருந்தா, பெட்ரோல் மட்டம் 45 டிகிரி சாயும். 60 செ.மீ. அகலம், 50 நீளம், 12 உயரம்னு ஒரு 36 லிட்டர் பெட்டியை வச்சுக்குவோம். 10 லிட்டர் இருந்தா சமதளத்துல 3.3 செ.மீ. ஆழம்தான். வளைவுல அத்தனையும் ஒரு பக்கச் சுவர்ல ஏறிடும், அடியில 23 செ.மீ. மட்டும் நனைஞ்சிருக்கும். பம்ப் நடுவுல, 30வது செ.மீ.ல உக்காந்திருக்கு. காத்தைத்தான் உறிஞ்சும். அந்த இடம் நனையவே 14.4 லிட்டர் வேணும். பம்ப்பைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் வாளி சில நொடி தாங்கும், நீண்ட வளைவுல அதுவும் காலி. அரை டேங்க்குக்குக் கீழ ட்ராக்ல இறக்காதீங்க, முக்கால்வாசி ரோடு கார்களுக்கு அது போதும்.

ஆற்காடு_ஷெட்:
ரெவ் அண்ணே, கணக்கு சரி, முடிவு எனக்கு ஒத்துவரலை. செமி ஸ்லிக் டயர் (ட்ராக்குக்கான அதிகப் பிடிப்பு டயர்) போட்டா 1 ஜியைத் தாண்டும், பம்ப் நடுவுல இல்லாத டேங்க்னா அரை டேங்க்கும் பத்தாம போகலாம். சாயுறதைத் தடுக்க டேங்க் முழுக்க எடை சுமக்குறது மருந்து இல்லை.

ஆனா சர்ஜ் டேங்க் வச்சும் நின்ன வண்டி ஒண்ணு பார்த்தேன். வளைவு, நேர்னு வித்தியாசமே இல்லை, முழு வேகத்துல அரை நிமிஷம் போனா ஆஃப். 1.5 லிட்டர் சர்ஜ் டேங்க், அதை நிரப்புற லிஃப்ட் பம்ப் மணிக்கு 100 லிட்டர், அதுல இருந்து இன்ஜினுக்குத் தள்ளுற மெயின் பம்ப் 255. பிரஷர் ரெகுலேட்டர்ல இருந்து வர்ற ரிட்டனை (இன்ஜின் எரிக்காம திரும்பி வர்ற மிச்ச பெட்ரோல்) மெயின் டேங்க்குக்குக் கொண்டுபோயிருக்காங்க. உள்ள வர்றது 100, வெளிய போறது 255. நொடிக்கு 43 மில்லி குறையும், 35 நொடியில காலி. ரிட்டன் ஹோஸைக் கழட்டி சர்ஜ் டேங்க்ல சொருகினதும் தீர்ந்தது. 150 குதிரைத்திறன் இன்ஜின் உண்மையில எரிக்கிறது மணிக்கு ஏறக்குறைய 55 லிட்டர், நொடிக்கு 15 மில்லி. 5 நொடி வளைவுக்கு 75 மில்லி போதும்.

அதனால கட்டுறவங்க கவனிங்க. லிஃப்ட் பம்ப் லைன் சர்ஜ் டேங்க் மேல்பக்கம் வரணும். மெயின் பம்ப் அடியில இருந்து எடுக்கணும். ரெகுலேட்டர் ரிட்டனும் மேல்பக்கம். உச்சியில இருந்து ஓவர்ஃப்ளோ மெயின் டேங்க்குக்குத் திரும்பணும், அந்த ஹோஸ் லிஃப்ட் பம்ப்ல இருந்து வர்ற ஃபீட் ஹோஸை விடச் சின்னதா இருக்கக் கூடாது. காத்துக் குமிழியும் ஆவியும் வெளியேற அது ஒண்ணுதான் வழி. மெயின் பம்ப்புக்கு முன்னாடி 100 மைக்ரான் ஃபில்டர், பின்னாடி 10 மைக்ரான். முன்னாடியே 10 மைக்ரான் போட்டா பம்ப் உறிஞ்ச முடியாம ஆவி கட்டும், வேலூர் மே மாச வெயில்ல இன்னும் சீக்கிரம். டிக்கியில வச்சா சீட்டுப் பக்கம் முழுக்க அடைச்ச தகடு இல்லாம ஓட்டவே கூடாது, இதுல சமரசம் இல்லை.

ஏலகிரி_14:
எல்லாரும் வளைவுலயே நிக்கிறீங்க. ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவும் திக்காம ஏறின வண்டி, மேல போய் சமதளத்துல கொஞ்ச நேரம் ஓடினதும் இழுக்காம போச்சு. பெட்ரோல் மூடியைத் திறந்தப்போ புஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்தது பாருங்க, பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் கேட்டது. மூடியைத் தளர்த்தினதும் வண்டி பழையபடி ஓடுது. டேங்க்கைக் கழட்டி மாட்டினப்போ பிரீதர் ஹோஸ் (டேங்க்குக்குள்ள காத்து போற குழாய்) மடங்கி நசுங்கியிருக்கு.

இன்னொண்ணு, கேக்காமலே சொல்றேன். டேங்க்குக்குள்ள முழுகிக் கிடக்கிற பம்ப் ஹோஸுக்கு சாதாரண இன்ஜெக்‌ஷன் ஹோஸ் போடாதீங்க. அந்த சாதாரண ரகம், அதாவது எஸ்ஏஇ ஜே30 தரத்துல ஆர்9 ஹோஸ், உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், முழுகினா வெளிப்பக்கம் ஊறி அல்வா மாதிரி ஆயிடும். பிரஷர்ல வெடிப்பு விட்டு டேங்க்குக்குள்ளேயே ஒழுகும், வெளிய ஒரு சொட்டு தெரியாது. முழுகுற இடத்துக்கு ஆர்10 தான். இப்போ வர்ற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு இதுல இன்னும் கவனம் வேணும்.

சத்துவாச்சாரி_வோல்ட்:
காட்பாடி தம்பி, உங்க லாக்ல பிரஷர் வளைவுல மட்டும் விழுதுன்னா அது சாய்வுதான், சந்தேகமே இல்லை. நேர் ரோட்டுக் கடைசியில, உச்ச ஆர்பிஎம்ல மெல்ல விழுந்தா பம்ப் ஃப்ளோ, ஃபில்டர், இல்லைன்னா வயர். நேரம் ஆக ஆக விழுந்தா ஏலகிரி சொன்ன பிரீதர், இல்லைன்னா சூடு. எங்க விழுதுன்னு தெரியாம பார்ட்ஸ் வாங்காதீங்க.

வயரை யாரும் சொல்லலை. பேட்டரியில 13.8 வோல்ட், பம்ப் கனெக்டர்ல 11.6 காட்டின வண்டி என் கண் முன்னாடி நின்னது. கம்பெனி மெல்லிசு வயர்லயே 255 லிட்டர் பம்ப்பை மாட்டியிருந்தாங்க. பம்ப் ஓடும்போதே ப்ளஸ், எர்த் ரெண்டு பக்கமும் அளங்க. மொத்த இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டினா, 4 சதுர மி.மீ. வயர், 30 ஆம்பியர் ரிலே, பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ், எர்த் நேரா பாடியில.

ரிட்டன் லைன் இருக்கிற வண்டின்னா இன்ஜின் ஐடில்ல, ரிட்டனை அளவு கேன்ல 30 நொடி பிடிங்க. 1 லிட்டர் வந்தா மணிக்கு 120 லிட்டர். பூஸ்ட் 1 பார்னா பிரஷர் அடிப்படை 3ல இருந்து 4 ஆகும், அப்போ பம்ப் தர்ற அளவு குறையும், அதனால ரெகுலேட்டர் வேக்குவம் பைப்ல கைப்பம்ப் வச்சு 1 பார் கொடுத்துத்தான் அளக்கணும். 55 லிட்டர் தேவைன்னா 70க்குக் குறையாம வரணும், இ20ன்னா இன்னும் 5 சேர்த்துக்குங்க. வெட்டவெளியில செய்யுங்க, சூடான இன்ஜின்ல வேண்டாம், தீயணைப்பான் கையெட்டுற தூரத்துல இருக்கட்டும்.